கண்ணாடியின் பொட்டு

பலகை அறுக்கும் ஒரு லேசர் இயந்திரத்துக்குள் மூவர் இருந்தார்கள்: ஒளி பாய்ச்சும் குழாய், அதைக் குளிர்விக்கும் தண்ணீர், ஒளியைப் பலகைமேல் திருப்பிவிடும் கண்ணாடி.

ஆயுத பூஜைக்கு மறுநாளிலிருந்து பலகை அறுபடவில்லை. முதலாளி தெய்வநாயகம், “குழாய்க்கு வயசாயிடுச்சு. நாளைக்குக் கழட்டிடலாம்” என்றார்.

குழாய் கலங்கிப்போனது. “தண்ணி, எனக்கு என்னதான் நோவு?”

“தினமும் உன்னைத் தொட்டுத்தானே போறேன், காய்ச்சல்கூட இல்லை. கண்ணாடியக்கா நெற்றியைப் பாரு.”

கண்ணாடியின் நட்டநடுவில் பூஜையன்று வைத்த சந்தனப் பொட்டு. ஒளி போய் அதில்தான் மோதியது.

“அக்கா, அதைக் கொஞ்சம் உதிர்த்துவிடுங்களேன். நான் பிழைச்சுப்பேன்.”

“சாமி பொட்டையா? வயசை ஒத்துக்கோ, தம்பி.”

“பொட்டு புகையுதே அக்கா.”

“அது சாம்பிராணி.”

மறுநாள் குழாய் மூலைக்குப் போனது. புதுக்குழாயை மாட்டிய முதலாளி கற்பூரம் காட்டி, கண்ணாடியின் பழைய பொட்டின் மேலேயே இன்னொரு பொட்டைப் பெரிதாக வைத்துவிட்டு இயந்திரத்தை ஓட்டினார். பலகையில் கீறல்கூட விழவில்லை.

கண்ணாடி தண்ணீரிடம் மெதுவாகச் சொன்னது: “பாவம், இதுக்கும் வயசாயிடுச்சு.”