ஆயாக்கள் தூங்கிய வகுப்பு

"எனக்குத் தூக்கம் வர்ல! அம்மாகிட்ட போவணும்!"

ஐம்பது வயது ஞானம்மாள் பாயில் கிடந்து, காலை உதைத்துக்கொண்டு அழுதாள். பக்கத்துப் பாயில் செல்வமேரி, "மிஸ், ஒண்ணுக்கு வருது மிஸ்" என்று சுண்டு விரலைக் காட்டினாள். மற்ற ஆயாக்களும் சும்மா இல்லை. ஒருத்தி இன்னொருத்தியின் கொண்டையை அவிழ்த்துவிட்டுச் சிரித்தாள்.

அஸ்தினாபுரத்து நர்சரி பள்ளி ஒன்றில் ஆயாக்களுக்குப் பயிற்சி. தொண்ணூத்தஞ்சாம் வருஷம், மே மாதக் கடைசி. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் எல்லாரும் தேறியாக வேண்டும்.

பட்டணத்திலிருந்து கனகவல்லி டீச்சர் வந்திருந்தார். அன்றைய பாடம், மத்தியானத்தில் எல்.கே.ஜி. குழந்தைகளைத் தூங்க வைப்பது. ஒருத்தர் ஆயா, மற்றவர்கள் குழந்தைகள். நடித்துக் காட்ட வேண்டும்.

யார் முறை வந்தாலும் ஞானம்மாள் அடங்கவில்லை. "நெசமான கொழந்த இப்டித்தான் படுத்தும் டீச்சர்" என்று சாதித்தாள். ஆயாவாக நடித்தபோது செல்வமேரிக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசி முறை செல்லியம்மாளுடையது.

அவள் ஆயா இல்லை. பள்ளிக்கூடத்தைப் பெருக்குகிறவள். ஜூனிலிருந்து பெருக்கும் வேலையை வெளி ஆட்களுக்கு விடப்போகிறார்கள். இந்தப் பயிற்சியில் தேறினால் எல்.கே.ஜி. ஆயா. தேறாவிட்டால் வேலையே இல்லை.

காலையில் அவள் காதுபடவே ஞானம்மாள் கேட்டிருந்தாள்: "தொடப்பம் புடிச்சவ கையில கொழந்தய குடுத்தா இன்னாத்துக்கு ஆவும்?"

செல்லியம்மாள் பாய்களுக்கு நடுவே வந்து உட்கார்ந்தாள். டீச்சர் சொல்லிக்கொடுத்த பாட்டு பயத்தில் அடியோடு மறந்துபோயிருந்தது. கதவோரம் நாற்காலி போட்டு, தலைமை ஆசிரியை வேறு பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா, பாட்டு வர்லியா?" என்றாள் ஞானம்மாள். "அப்போ கத சொல்லு!"

செல்லியம்மாள் கண்ணை மூடித் திறந்தாள்.

"எங்க ஏரி கீதில்ல, செம்பாக்கத்து ஏரி... மழ உட்ட ராத்திரில அதுக்குள்ள நெலா எறங்கும். வானத்துல நடந்து நடந்து அதுக்குக் காலு வலி. மீனுங்கல்லாம் சுத்தி வந்து, 'யாரு நீ, இன்னா வோணும்?'னு கேக்குதுங்க. 'செத்த நேரம் படுத்துகினு போறேன்'னு நெலா சொல்லுது. 'எங்க எடத்துல நீ எப்டி படுப்பே?'ன்னு ஒரு பெரிய வெரால் மீனு மொறைக்குது..."

மீனம்பாக்கத்தில் இறங்கப் போகிற விமானம் ஒன்று தலைக்கு மேலே இரைந்து, தேய்ந்து, காணாமல் போனது. மின்விசிறி மெள்ளச் சுற்றியது. ஜன்னல் வழியே விழுந்த வெயில் பாய்களின் மேல் நெளிந்தது. அந்த அறையே தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் செல்லியம்மாளுக்குத் தோன்றியது. பயம் எங்கோ கரையிலேயே நின்றுவிட்டது. குரல் தானாகத் தணிந்தது.

"நெலா வெள்ளையா, சில்லுனு, அது பாட்டுக்கு வெரால் பக்கத்துல ஒருக்களிச்சுப் படுத்துகிச்சு. அப்போ அந்த வெரால்..."

குறட்டைச் சத்தம் கேட்டது.

ஞானம்மாள்தான். வாய் பிளந்து கிடந்தாள். அடுத்து செல்வமேரி சுருண்டுகொண்டாள். ஒவ்வொரு பாயாக அடங்கியது.

செல்லியம்மாளுக்குச் சுருக்கென்றது. எல்லாரிடமும் அழுது அடம்பிடித்தவள், என் முறை வந்ததும் மதிக்காமல் தூங்குகிறாளே!

தலைமை ஆசிரியை எழுந்து வந்தார். "என்ன டீச்சர் இது? டிரெயினிங்னு கூப்பிட்டா, சாப்பிட்டுட்டு வந்து குறட்டை விடறாங்க?"

"மேடம், பாடமே அதுதானே" என்றார் கனகவல்லி டீச்சர், தணிந்த குரலில். "இவ்வளவு நேரமா யாராலயும் இவங்களைத் தூங்க வைக்க முடியல."

தலைமை ஆசிரியை நம்பாமல் குனிந்து பார்த்தார். ஞானம்மாளின் மூக்கு நுனியில் ஓர் ஈ உட்கார்ந்திருந்தது. அவள் அசையவில்லை.

"அசந்துதான் தூங்கறா!" அவர் முகம் தெளிந்தது. "செல்லியம்மா, ஸ்கூல் திறக்கிற அன்னிக்கு நேரா எல்.கே.ஜி.க்கு வந்துடு."

யாரும் எழுந்துவிடக் கூடாதே என்று இருவரும் அடிமேல் அடி வைத்து வெளியே போனார்கள். வராண்டாவில் செருப்புச் சத்தம் தேய்ந்தது.

செல்லியம்மாள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். தன் குரலில் இப்படியொரு மாயமா? அசைந்தால் கலைந்துவிடும் என்று மூச்சைக்கூட மெதுவாக விட்டாள்.

"பூட்டாங்களா?"

ஞானம்மாளின் ஒரு கண் மட்டும் திறந்திருந்தது.

"அக்கா! நீங்க... தூங்கலியா?"

பாய்கள் எல்லாம் சிரிப்பில் குலுங்கின. செல்வமேரி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"தூங்கறதா? உனக்கு வேல கெடைக்கணுமேன்னு கண்ண மூடிகினு கெடந்தா, அந்த ஈ மூக்குல ஏறி எறங்குச்சு பாரு, செம பேஜார்!" ஞானம்மாள் மூக்கைத் தேய்த்துக்கொண்டு, அவள் பக்கமாக நகர்ந்து படுத்தாள். "உன் கத கேட்டா எவளுக்குடி தூக்கம் வரும்? நடுவுல நிறுத்திட்டியே, அப்பால இன்னா ஆச்சு? சொல்லு!"