கல்யாணக் கேக்குக்காகத் தூக்கிய வீடு

வீட்டுக்கு அடியில், லூசியானாவின் ஈரச் சேற்றில், மல்லாந்து கிடக்கிறோம் நானும் என் மச்சினன் ஓவீடும். இந்த வீடு தெற்கே சாய்ந்ததில் எங்கள் நாய்க்கு இரண்டு கால் குட்டையாகிவிட்டது. நம்பாதவர்கள் வந்து அளந்துகொள்ளலாம். இன்று மகளுக்குக் கல்யாணம். அடுப்படி மேஜையில் இருக்கும் மூன்றடுக்குக் கேக் சறுக்கக் கூடாதென்று வீட்டைத் தூக்கச் சொன்னவள் என் மனைவி எல்மீர். ஜாக்கியை இன்னும் கால் சுற்று திருப்புகிறேன். உத்தரம் முனகுகிறது, டார்ச் வெளிச்சத்தில் தூசி கொட்டுகிறது, சாய்வு பார்க்கும் ரசமட்டத்தின் குமிழி ஒருவழியாக நடுவில் வந்து நிற்கிறது. உடனே தலைக்கு மேல் எல்மீர் குளியலறைக் கதவை உள்ளிருந்து தடதடவென்று தட்டுகிறாள். “கதவு திறக்கலைங்க! சர்ச்சுக்கு நேரமாச்சு!” ஓவீட் சிரிக்கிறான். “வருஷா வருஷம் சாய்வுக்குத் தக்கபடி கதவையெல்லாம் இழைச்சது யாரு அத்தான்? வீடு நிமிர்ந்தா கதவு இறுகாம என்ன செய்யும்?” “கோடாலிய எடுடா.” மேலிருந்து எல்மீர் கத்துகிறாள்: “எங்கப்பா செஞ்ச கதவு! கோடாலி பட்டுச்சு, நான் உள்ளயே இருந்துக்கறேன், நீங்களே போய் பொண்ணக் கட்டிக்குடுங்க!” குமிழியை ஆசைதீரப் பார்த்துவிட்டு ஜாக்கியைத் தளர்த்துகிறேன். வீடு பெருமூச்சுவிட்டுப் பழையபடி சாய்கிறது. கதவு திறக்கிறது. எல்மீரின் குதிகால் செருப்பு சர்ச்சுப் பக்கம் போகவில்லை. அடுப்படிப் பக்கம் ஓடுகிறது.