கடைசித் தடை

சேர்மராஜ் எழுந்து பல் துலக்கி, பால் காய்ச்சிக் குடித்துவிட்டு, நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்தான். மனதுக்குள் நானூறு மீட்டர் தடை ஓட்டத்தை ஓடி முடித்து விரலை உயர்த்தினான். ஸ்டாப்வாட்சை நிறுத்த முத்துக்கனி இல்லை. "கண்ண மூடுனாத்தான் எங்க வீட்டுக்காரருக்கு வேகம் வரும்" என்று கோச்சிடம் கேலி செய்தவள்.

மேஜையில் மாநிலப் போட்டியில் வாங்கிய தங்கப்பதக்கமும் ஒரு பத்திரிகைத் துண்டும் கிடந்தன. 'ஜெயிச்சிட்டு வாங்க' என்பதுதான் மனைவியின் கடைசி வார்த்தை என்று கோச் பேட்டி கொடுத்திருந்தார். அவன் மறுக்கவில்லை.

அவள் இறந்த காலையில், மனதுக்குள் கடைசித் தடையையும் தாண்டி அவன் விரலை உயர்த்தியபோது, வாட்ச் நிற்கும் சத்தம் கேட்கவில்லை. அது அவளருகே தரையில் கிடந்து ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் அவள் பேசியது காதில் விழத்தான் செய்தது. கவனம் கலையக் கூடாதென்று கையமர்த்திவிட்டு ஓடினான்.

"நெஞ்ச அடைக்கி. கண்ணத் தொறங்களேன்."