மாதக் கடைசிக்குப் பிறகு

சுகிர்தாவின் கணவன் நல்லசிவம் பத்து நாளாகக் குரலையே உயர்த்தவில்லை. கோவையில் அடுக்குமாடி வீடுகள் விற்கும் அவள் ஞாயிற்றுக்கிழமையும் வாடிக்கையாளர் பின்னால் ஓடினாள். அதற்கும் அவன் முகம் சுளிக்கவில்லை. அதுதான் அவளுக்கு நெருடியது.

அன்று காலை அவன் கேட்டான், "படபடப்பு கொறஞ்சுதா கண்ணு?"

அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை. இதயத் துடிப்பை அளக்கக் கம்பெனி மணிக்கட்டில் மாட்டிவிட்ட பட்டைக்கு மட்டும்தான் தெரியும்.

"உங்களுக்கு யாருங்க சொன்னது?"

அவன் தயங்கித் தயங்கிப் போனை நீட்டினான். ஊழியர்களின் குடும்பத்துக்குக் கம்பெனி தினமும் அனுப்பும் அறிவுரைகள் வரிசையாக இருந்தன. 'இன்று பெரிய விற்பனை. சண்டை வேண்டாம்.' 'சிரித்து வழியனுப்பவும்.' ஆறு நாளுக்கு முன்பு வந்தது இப்படி இருந்தது: 'இதயத் துடிப்பில் கோளாறு தெரிகிறது. மருத்துவரைப் பார்க்க வேண்டும். விற்பனை இலக்கு முடியட்டும். மாதக் கடைசிக்குப் பிறகு மனைவியிடம் சொல்லவும்.'

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"இப்பச் சொன்னா நீ பதறிருவ, ஒடம்பு இன்னும் கெடும்னு போட்டிருந்துச்சு. நம்பிட்டேன்."

சுகிர்தா பட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள். அவன் போனையும் வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, "கெளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றாள்.

காரில் அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "பயப்படாத கண்ணு, நான் இருக்கேன்."

இது எந்த நாள் வந்த அறிவுரையாக இருக்கும் என்று யோசித்தாள். ஆனாலும் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.