சூடு ஆறிய வண்டி

பட்டினப்பாக்கம் முனையில் பவுல்சாமியின் பழைய பெட்ரோல் வேன் நின்றுபோனது. உச்சி வெயில். கூட வந்தவர் யாருமில்லை.

போனில் மெக்கானிக் டில்லிபாபு கத்தினான். "சூட்டுல பெட்ரோல் ஆவியாயி பைப்ப அடைச்சிக்கினு கீது நைனா! பம்ப் மேல ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் குந்து. தானா ஸ்டார்ட் ஆவும்."

அப்படியே செய்தார். அரை மணி கழித்து பம்பைத் தொட்டால் ஜில்லென்றிருந்தது. ஆனால் அவர் சாவியைத் திருப்பவில்லை. வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களிடம் போய் நின்றார்.

"வண்டி மக்கர் பண்ணுதுப்பா. கொஞ்சம் தள்ளி விடுறீங்களா?"

நாலு பேர் எழுந்து வந்தார்கள். "எவ்ளோ தூரம் மாமா?"

"அந்தத் திருப்பம் வரைக்கும்தான்."

வேர்க்க விறுவிறுக்கத் தள்ளினார்கள். திருப்பத்தில் இருந்த கல்லறைத் தோட்டத்துக்குள் வேன் நின்றதும் பவுல்சாமி பின்கதவைத் திறந்தார்.

உள்ளே ஒரு சவப்பெட்டி.

நால்வரும் மடித்துக் கட்டிய கைலியை இறக்கிவிட்டார்கள்.

"யாரு மாமா?"

"என் சம்சாரம் லூயிசா. கல்யாணம் பண்ணிக்கினதுலேர்ந்து ரெண்டு வீட்டுலயும் பேச்சு வார்த்தை இல்ல. இன்னிக்கும் யாரும் வரல."

"தூக்க ஆளில்லன்னு சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டமா?" என்றான் நால்வரில் ஒருவனான அங்கமுத்து.

பவுல்சாமி தலை நிமிரவில்லை.

"வண்டியத் தள்ளக் கூப்பிடத்தான் எனக்கு வாய் வந்துச்சு, தம்பி."