பொன்னாடை கேட்ட உரை

கல்லூரிக் கருத்தரங்கில் பேச வந்த பேராசிரியர் திலகவதிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போட்டோ எடுத்து முடித்ததும் அவர் அதை மடித்து மேசைமேல் வைத்துவிட்டுப் பேச எழுந்தார். பொன்னாடைக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் நின்ற பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

“ஒரு பொருள் உருவானதிலிருந்து குப்பைக்குப் போகிறவரை எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மின்சாரம், எவ்வளவு புகை என்று கூட்டுங்கள்,” என்றார் திலகவதி. “அது செய்த வேலைக்கு அவ்வளவும் தகுமா என்று பாருங்கள்.”

“மாட்டிக்கிட்டியா?” என்று பாட்டிலைக் கேட்டது பொன்னாடை.

“நானாவது ஒருத்தரோட தாகத்தைத் தீர்த்தேன். நீ?”

“நானா? பூமிக்கடியில கச்சா எண்ணெயா இருந்து, ஆலையில நூலாகி, சாயத்துல முங்கி, லாரியில மூணு மாநிலம் தாண்டி வந்தவ!”

“சரி, அந்தம்மா தோள்ல எவ்வளவு நேரம் இருந்தே?”

பொன்னாடை யோசித்தது. அதன் சரிகையெல்லாம் சில்லிட்டுப் போனது.

“பத்து நொடி,” என்றது. “ஐயோ, அவ்வளவுக்கும் பத்தே நொடி!”

பாட்டிலுக்கே பாவமாகிவிட்டது. “பதறாதே. இவ்வளவு தெரிஞ்சவங்க, வீட்டுல உன்னைப் போர்வையாவாவது வச்சுக்குவாங்க.”

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் திலகவதி பீரோவைத் திறந்தார். பொன்னாடையை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார்.

அங்கே ஏற்கெனவே அடுக்கியிருந்த நாற்பது பொன்னாடைகளும் இருட்டில் ஒரே குரலில் கேட்டன:

“நீ எத்தனை நொடி?”