இழுக்காத இரண்டு போல்ட்

முள் ஆறு டன்னிலேயே நின்றுவிட்டது.

அவள் வால்வை இன்னும் கொஞ்சம் திறந்தாள். இயந்திரம் போல்ட்டை இழுத்துக்கொண்டுதான் இருந்தது. முள் ஏறவில்லை.

போல்ட் நீள ஆரம்பித்துவிட்டது. இனி விட்டாலும் பழைய அளவுக்குத் திரும்பாது.

போல்ட்டின் தலையில் பொறித்திருந்த எண் உண்மையென்றால் பதினாறு டன் வரை தாங்கியிருக்க வேண்டும்.

லேபில் யாரும் இல்லை. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள்.

முந்தாநாள் பொருட்காட்சியில் ராட்டினம் சரிந்து மூன்று சிறுமிகள் செத்துப்போனார்கள். ராட்டினத்தைப் பூட்டியவன் அவள் தம்பி குணாளன். போல்ட்டைச் சரியாக முடுக்கவில்லை என்று ஸ்டேஷனில் வைத்திருக்கிறார்கள்.

அக்கா, நல்லாத்தான் முடுக்கினேன் என்று அழுதான். அவள் நம்பவில்லை. குடித்துவிட்டு முடுக்கியிருப்பாய் பாவி என்று போலீஸ்காரர்கள் முன்னாலேயே திட்டிவிட்டு வந்தாள்.

தூக்கம் வரவில்லை. விடியும்போதுதான் மேசை டிராயர் ஞாபகத்துக்கு வந்தது.

முள் மறுபடி ஏறியது. பத்து டன்னைத் தொடுவதற்குள் போல்ட் கழுத்து மெலிந்து, படீரென்று அறுந்தது.

முதலில் வந்தது சந்தோஷம்தான். தம்பி மேல் தப்பில்லை.

பிறகு டிராயரைத் திரும்பிப் பார்த்தாள்.

போன மாதம் இந்த போல்ட்டைக் கொண்டுவந்ததே அவன்தான். ராட்டினத்துக்கு வாங்கிய மூட்டையிலிருந்து எடுத்த மூன்று. அக்கா இருக்கிற லேப், சீக்கிரம் முடியும் என்று வந்தான்.

ஒன்றை இழுத்தாள். பதினேழு டன் தாங்கியது. மற்ற இரண்டுக்கும் அதையே கொஞ்சம் கூட்டிக் குறைத்து எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள். அவசரம் என்றால் அங்கே எல்லோரும் செய்வதுதான். இழுக்காத இரண்டும் டிராயரில் கிடந்தன.

இப்போது அறுந்தது இரண்டாவது.

சாப்பிட்டுவிட்டு வந்த மேனேஜர் துண்டுகளைப் பார்த்தார். அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"மூணையும் இழுத்தாச்சுன்னு நீதானம்மா கையெழுத்துப் போட்டிருக்கே. அப்பறம் இது ஏது?"

குரலில் கோபம் இல்லை. ஸ்கிராப் டப்பாவைக் காலால் அவள் பக்கம் தள்ளிவிட்டுப் போனார்.

அவள் குனிந்தாள். டப்பாவைப் பழைய இடத்துக்கே நகர்த்தி வைத்தாள்.

அறுந்த துண்டுகளையும் மூன்றாவது போல்ட்டையும் துணியில் சுற்றி, தொடாத டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் பைக்குள் வைத்தாள். மூன்றாவதை போலீஸ்காரர்கள் கண் முன்னால் வேறு யாராவது இழுக்கட்டும்.

பஸ் ஸ்டாப்பில் நின்று மாமியாருக்கு போன் செய்தாள்.

"பாப்பாவ ஸ்கூல்ல இருந்து நீங்களே கூட்டிட்டு வந்துருங்க அத்தை. ராத்திரி உங்ககூடவே படுக்க வெச்சுக்குங்க."

தம்பியைப் பார்க்கத்தானே போகிறாய், எப்போது வருவாய் என்று அத்தை கேட்டாள்.

ஸ்டேஷன் வழியாகப் போகும் பஸ் வந்து நின்றது.

"அவனைச் சாயங்காலம் அனுப்பி வைக்கிறேங்க அத்தை" என்றாள்.